கால்நடைக் கூடத்தில் நடந்த உரிமத் தேர்வு

அந்தக் கோடையில் எங்கள் மாநிலக் கண்காட்சி நடக்கவில்லை. உலகப் போர்க்காலத்துக்குப் பிறகு அது நின்றுபோனது அப்போதுதான். கூட்டம் கூடினால் நோய் பரவும், இந்த வருடம் மாடும் கிடையாது ராட்டினமும் கிடையாது என்று ஆளுநர் தொலைக்காட்சியில் வந்து சொன்னார். அடுத்த வாரமே இன்னோர் அறிவிப்பு வந்தது. அதே கண்காட்சி வளாகத்தில், பரிசுக்கு வரும் காளைகளை நிறுத்தி வைக்கும் பெரிய கூடத்தில், புதிய வழக்கறிஞர்களுக்கான உரிமத் தேர்வு ஜூலைக் கடைசியில் நேரில் நடக்கும் என்றது தேர்வு வாரியம்.

டெல்ஃபின் ஓக்ஸ் அந்த அறிவிப்பைப் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி படித்தாள். பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகளுக்குப் பதில் மதிய உணவுப் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. முப்பத்தாறு வயது. பேருந்து ஓட்டிக்கொண்டே மாலை வகுப்பில் சட்டம் படித்து, மே மாதம்தான் பட்டம் வாங்கியிருந்தாள். பட்டமளிப்பு விழா கணினித் திரையில் நடந்தது. அவள் பெயரை அழைத்தபோது இணையம் அறுந்துவிட்டது.

வேலை தயாராக இருந்தது. மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் டாமரக் மாவட்டம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வாதாடும் அலுவலகம் அங்கே ஒன்று உண்டு. அதில் இருந்ததே லோர்னா ஸ்டாட்லர் என்ற ஒரே வழக்கறிஞர்தான். சிறையில் நோய் புகுந்துவிட்டது. ஜாமீன் கேட்க ஆளில்லாமல் சின்னச் சின்னக் குற்றத்துக்குப் பிடிபட்டவர்களெல்லாம் உள்ளேயே கிடந்தார்கள். லோர்னா அடிக்கடி கூப்பிடுவாள்.

"டெல்ஃபின், எப்ப வர்ற? நேத்து இன்னும் ரெண்டு பேருக்குக் காய்ச்சலாம். டிராக்டர் பேட்டரி திருடினான்னு ஒருத்தனைப் புடிச்சு வெச்சிருக்காங்க. அவன் மூஞ்சியை நான் இன்னும் பாக்கவே இல்ல."

"லைசென்ஸ் கையில வந்த மறுநாளே வந்துடறேன் லோர்னா."

"வர்றதுக்கு முன்னால உயிரோட இருக்கியான்னு பாத்துக்கோ."

லோர்னா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டெல்ஃபினுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. தனி அறையில் தேர்வெழுத விடுங்கள் என்று வாரியத்துக்கு மருத்துவரின் சான்றோடு எழுதினாள். வாரியச் செயலாளர் கார்ல்டன் பீம்ஸிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. தனி அறைக்கு வசதி இல்லை. மூச்சு மருந்தை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவரலாம். கூடவே கையெழுத்திட வேண்டிய உறுதிமொழி ஒன்றும் இருந்தது. தேர்வுக் கூடத்தில் நோய் தொற்றினாலோ அதனால் உயிர் போனாலோ வாரியத்தின் மீது வழக்குப் போட மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. வழக்குப் போடுவதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர்களிடம் கேட்ட முதல் கையெழுத்து அதுதான்.

ஜூன் மாதம் பட்டதாரிகள் சேர்ந்து மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். இந்த ஒரு வருடம் தேர்வு வேண்டாம், அனுபவமுள்ள வழக்கறிஞரின் மேற்பார்வையில் ஓராண்டு வேலை செய்கிறோம், அதை வைத்து உரிமம் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. மனுவை எழுதியவர்களில் டெல்ஃபினும் ஒருத்தி, அவள் வகுப்புத் தோழன் வேட் லண்ட்குவிஸ்டும் ஒருவன். வேட் உயரமானவன், கலகலப்பானவன், எந்தப் பாடத்தையும் நகைச்சுவையாக மாற்றிச் சொல்லக் கூடியவன். சொத்துரிமைச் சட்டத்தை டெல்ஃபின் புரிந்துகொண்டதே அவன் சொன்ன கதைகளால்தான்.

விசாரணை திரையில் நடந்தது. நீதிபதிகள் அவரவர் வீட்டுப் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கேட்டார், "தேர்வெழுதாத மருத்துவரிடம் நீங்கள் அறுவை சிகிச்சைக்குப் போவீர்களா?"

டெல்ஃபின் சொன்னாள், "இந்த வருடம் கடைசித் தேர்வு எழுதாத மருத்துவ மாணவர்களைத்தான் மருத்துவமனைகள் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன, கனம் நீதிபதி அவர்களே."

அந்த நீதிபதியின் வீட்டில் எங்கோ நாய் குரைத்தது. பத்து நாளில் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. பொதுமக்களைத் திறமையற்ற வழக்கறிஞர்களிடமிருந்து காப்பது நீதிமன்றத்தின் கடமை என்று அதில் எழுதியிருந்தது.

"நம்மகிட்டேர்ந்து ஜனங்களைக் காப்பாத்தறாங்களாம்," என்றான் வேட் தொலைபேசியில். "நம்மளை யாரு காப்பாத்தறது?"

"போகாம இருந்துடலாமா வேட்?"

"நீ இருப்ப. எனக்கு அக்டோபர்ல குழந்தை பொறக்குது. செப்டம்பர்ல வேலைல சேந்தாத்தான் பிரசவச் செலவுக்கு இன்ஷூரன்ஸ். அடுத்த பரீட்சை பிப்ரவரில. அதுவரைக்கும் குழந்தையை உள்ளயே இருன்னு சொல்ல முடியுமா?"

இருவரும் போனார்கள்.

ஜூலைக் கடைசியில் எங்கள் ஊர் வெயிலைச் சொல்லி மாளாது. வளாக வாசலில் வரிசை நின்றது. தரையில் ஒட்டியிருந்த பட்டைகளின் மேல் ஆளுக்கு ஆள் விலகி நின்றார்கள், ஆனால் வாசலருகே எல்லாப் பட்டைகளும் ஒன்றாகிவிட்டன. நெற்றியில் காட்டும் வெப்பமானி வெயிலில் சூடேறி எல்லாருக்குமே காய்ச்சல் என்று காட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அதை ஒரு குளிர்பெட்டியில் வைத்து எடுத்துவந்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் காய்ச்சல் இல்லை.

கூடத்தைப் பலமுறை கழுவியிருந்தார்கள். இருந்தாலும் வைக்கோல் வாடையும் மாட்டு வாடையும் போகவில்லை. ஜன்னல்கள் கிடையாது. ஒரு கோடியில் ஆளுயர விசிறிகள் மூன்று நின்று, மறுகோடி வரை காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தன. மேசைகள் விலகித்தான் போடப்பட்டிருந்தன. ஆனால் முன்னால் இருப்பவர் விட்ட மூச்சு பின்னால் இருப்பவர் முகத்தில் படும்படி காற்று ஒரே திசையில் வந்தது. வேட் விசிறிக்கு அருகில் முன்வரிசையில் இருந்தான். டெல்ஃபின் அதே நேர்கோட்டில் நான்கைந்து மேசைகள் பின்னால்.

அந்தப் பகுதியைக் கண்காணித்தவர் வெர்னா ஹோஸ்டெட்லர். எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். சூரியகாந்திப் பூப் போட்ட முகக்கவசம் அணிந்திருந்தார்.

"பிள்ளைங்களா, பாத்ரூம் போறதுன்னா கையைத் தூக்குங்க. மயக்கம் வந்தாலும் கையைத் தூக்குங்க. ரெண்டும் சேந்து வந்தா ரெண்டு கையையும் தூக்குங்க," என்றார். இறுக்கமாக உட்கார்ந்திருந்த வரிசை முழுக்கச் சிரித்தது.

காலைத் தேர்வின் நடுவே வேட்டின் மடிக்கணினி உறைந்து நின்றுவிட்டது. வெர்னா ஓடி வந்தார். அவன் தோளுக்கு மேல் குனிந்து, அவன் சொல்வது கேட்காமல் இன்னும் பக்கத்தில் போய், அது மறுபடி உயிர்பெறும் வரை நகரவே இல்லை. பதற்றத்தில் வேட் முகக்கவசத்தை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். டெல்ஃபின் அதைப் பார்த்தாள். பிறகு தன் விடைக்குத் திரும்பினாள்.

மதிய இடைவேளையில் எல்லாரும் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் அவரவர் காரில் சாப்பிட்டார்கள். வேட்டின் காரும் டெல்ஃபினின் காரும் பக்கத்தில் பக்கத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு நின்றன. வேட் ஊறுகாய் வெள்ளரிக்காய்ப் புட்டியைத் திறந்தான். அவனுக்கு அது இல்லாமல் சாண்ட்விச் இறங்காது. டெல்ஃபினின் கார் வரைக்கும் காடியும் பூண்டும் மணந்தது. அவன் புட்டியை மூக்கருகே கொண்டுபோனான். மறுபடி கொண்டுபோனான். மூடியைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேட்."

அவன் திரும்பவில்லை.

"வேட், வாசனை வரலையா?"

"மூக்கடைப்பு. ஏசில இருந்தேன்ல."

"உன் கார்ல ஏசியே வேலை செய்யாது."

அவன் இரு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "காலைல காபி வெந்நீர் மாதிரி இருந்துச்சு. டென்ஷன்னு நெனச்சேன். டெல்ஃபின், நாளைக்கு ஒருநாள். ஒரே ஒரு நாள். வாயையே தொறக்க மாட்டேன். ரெண்டு மாஸ்க் போட்டுக்கறேன்."

"அந்த வயசான அம்மா உன் மூஞ்சிக்கு மேல நின்னுட்டிருந்தாங்கடா."

"தெரியும்."

"நீயே போய்ச் சொல்லிடு. இப்பவே. நான் சொல்ற மாதிரி வெச்சுக்காத."

"சொல்றேன்," என்றான் வேட். "மத்தியானம் இதை முடிச்சிட்டுச் சொல்றேன். சத்தியமா."

மதியத் தேர்வு முடிந்ததும் அவன் அவளைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மாலை முழுவதும் அவள் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. சொல்லியிருப்பான், வெட்கப்பட்டுக்கொண்டு எடுக்காமல் இருக்கிறான் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைந்ததும் முன்வரிசையைத்தான் பார்த்தாள். வேட் இருந்தான். முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம். கண்கள் சிவந்திருந்தன. விசிறி அவன் சட்டையைப் படபடக்க வைத்தது.

டெல்ஃபின் நேராகச் செயலாளர் பீம்ஸிடம் போனாள். கூடத்தின் ஓரத்தில், கால்நடைகளின் எடை பார்க்கும் அறையை அவருடைய அலுவலகமாக மாற்றியிருந்தார்கள். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அவருக்குக் காய்ச்சல் இருக்கா?"

"வாசனை தெரியலை சார். அதான் முதல் அறிகுறின்னு உங்க நோட்டீஸ்லயே போட்டிருக்கு."

"வாசல்ல செக் பண்ணித்தான் உள்ள விட்டிருக்கோம். அறிகுறி இல்லைன்னு கையெழுத்தும் போட்டிருக்காரு."

"அது பொய், சார்."

"அது உங்க கருத்து." பீம்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ் ஓக்ஸ், இப்ப நான் ஹாலைக் காலி பண்ணா, இத்தனை பேரோட ரெண்டு நாள் உழைப்பும் குப்பைக்குப் போகும். அதுல உங்களோடதும் உண்டு. அதை யோசிச்சீங்களா?"

"அவரை மட்டும் வெளிய கூப்பிடுங்க. வரிசைல இருக்கறவங்ககிட்டச் சொல்லுங்க. வெர்னா அம்மாகிட்டயாவது சொல்லுங்க."

"சொன்னா பீதி கெளம்பும்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னொண்ணு. சக தேர்வரைப் பத்தி ஆதாரமில்லாம குற்றம் சொல்றது, லைசென்ஸ் குடுக்கறதுக்கு முன்னால நடக்கற உங்க நன்னடத்தை விசாரணைல வரும். நான் மிரட்டல. விதி அப்படி இருக்கு. போய் உக்காருங்க, பெல் அடிக்கப் போறாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் குரலில் பரிவு இருந்தது.

திரும்பி வரும் வழியில் வெர்னா நின்றிருந்தார். டெல்ஃபின் அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். அந்த அம்மாள் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் நின்னுபோச்சே, அந்தப் பையனா?"

"ஆமாம்மா. நீங்க வீட்டுக்குப் போயிடுங்க."

வெர்னா தன் முகக்கவசத்தின் ஓரங்களை விரலால் அழுத்திக்கொண்டார். "நேத்து சாயங்காலமே என் வீட்டுக்காரர்கூட உக்காந்து சாப்பிட்டாச்சே கண்ணு," என்றார். பிறகு, "காலைலதான் மிஸ்டர் பீம்ஸ் எல்லாம் சரியா இருக்குன்னு எங்களைக் கூட்டி வெச்சுச் சொன்னாரு," என்றார்.

மணி அடித்தது. எல்லாரும் திரையைத் திறந்தார்கள்.

டெல்ஃபின் உட்காரவில்லை. தேர்வு தொடங்கிய பிறகு பேசினால் வெளியேற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவள்.

"எல்லாரும் கேளுங்க. இந்த ஹால்ல ஒருத்தருக்கு நோய் அறிகுறி இருக்கு. வாரியத்துக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்ல மாட்டேங்கறாங்க. காத்து முன்னாலேர்ந்து பின்னால வருது. வீட்டுல வயசானவங்க, முடியாதவங்க இருக்கறவங்க யோசிச்சுக்குங்க."

வேட்டின் பெயரை அவள் சொல்லவில்லை.

ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. தலையில் துணி கட்டிய ஒரு பெண் எழுந்து பையை எடுத்துக்கொண்டு ஓடாத குறையாக வெளியே போனாள். அங்கொருவர் இங்கொருவர் எழுந்தார்கள். அவ்வளவுதான். மற்ற நூற்றுக்கணக்கானவர்கள் தலையைத் தூக்கவே இல்லை. விசைப்பலகைகளின் சத்தம் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் தொடர்ந்து கேட்டது. அவர்களுக்குக் கேட்காமல் இல்லை. கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் வேட்டின் கைகள் மட்டும் விசைப்பலகை மேல் அசையாமல் இருந்தன. காவலர்கள் இருவர் டெல்ஃபினை வாசலுக்கு அழைத்துப் போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். கைகள் மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தன.

ஐந்தாம் நாள் டெல்ஃபினுக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு மருந்தும் போதாமல் ஒரு வாரம் மருத்துவமனையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். பிழைத்து வந்தபோது, பின்வரிசைகளில் இருந்தவர்கள் பலர் படுத்துவிட்டதாகத் தோழிகள் சொன்னார்கள். தேர்வுக் கூடத்தில்தான் தொற்றியது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வாரியம் ஒரு வரியில் சொல்லிவிட்டது. வெர்னா ஹோஸ்டெட்லர் ஆகஸ்ட் மாதம் இறந்தார். அவர் கணவர் பிழைத்தார். அடக்கத்துக்குக் குடும்பத்தாரை மட்டும் அனுமதித்தார்கள். டெல்ஃபின் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தாள். சாலையின் எதிர்ப்பக்கம் வேட்டின் கார் நின்றது. இருவரும் கண்ணாடியை இறக்கவில்லை.

வேட் தேறினான், தேர்விலும் தேறினான். உரிமம் வந்தது, வேலை கிடைத்தது, மகள் பிறந்தாள்.

அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதிய ஆணை ஒன்றைப் போட்டது. பொதுச் சுகாதாரத்தைக் கருதி, தேர்வெழுத முடியாத பட்டதாரிகள் மேற்பார்வையில் தொழில் செய்யலாம். ஜூன் மாதம் தள்ளுபடி செய்த மனுவின் வாசகங்களே ஏறக்குறைய அப்படியே அதில் இருந்தன. கால்நடைக் கூடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டெல்ஃபினுக்கு மட்டும் அந்த ஆணை பயன்படவில்லை. தேர்வைக் குலைத்தது, பொய்யான பீதியைக் கிளப்பியது என்று அவள் மேல் நன்னடத்தை விசாரணை நிலுவையில் இருந்தது.

விசாரணை திரையில் நடந்தது. வாரியத்தார் மூவர், பீம்ஸ், டெல்ஃபின். அவள் நடந்ததைச் சொன்னாள். நோயுற்றவர் யார் என்று தலைவர் கேட்டார்.

"அதை அவரே சொல்லணும்," என்றாள் டெல்ஃபின்.

"அப்ப நீங்க சொன்னது உண்மைன்னு நாங்க எப்படி நம்பறது?"

தலைவர் அடுத்த கேள்விக்குப் போகவிருந்தபோது பீம்ஸ் தயங்கிக்கொண்டே சொன்னார், "சார், சாட்சி சொல்லணும்னு ஒருத்தர் காத்திருக்காரு. இன்னிக்குக் காலைலதான் மனு குடுத்தாரு."

திரையில் ஆறாவது சதுரம் திறந்தது. வேட் இளைத்திருந்தான். பின்னால் எங்கோ குழந்தை அழுதது. அவன் கையை நீட்டிக் கதவைச் சாத்தினான்.

"அது நான்தான்," என்றான். "முதல் நாள் காலையிலேயே எனக்கு வாசனை போயிடுச்சு. ரெண்டாவது நாள் அறிகுறி இல்லைன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன். மிஸ் ஓக்ஸ் என்னைச் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல."

"மிஸ்டர் லண்ட்குவிஸ்ட்," என்றார் தலைவர், "நீங்க இப்ப உரிமம் பெற்ற வழக்கறிஞர். என்ன பேசறீங்கன்னு புரிஞ்சுதான் பேசறீங்களா?"

"புரியுது, சார். இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கு மணி அடிக்கறதுக்கு முன்னால மிஸ் ஓக்ஸ் எடை ரூமுக்குள்ள போனதை நான் பாத்தேன். என்னைப் பத்தித்தான் சொல்லப் போறாங்கன்னு தெரியும். இப்ப கூப்பிடுவாங்க, இப்ப கூப்பிடுவாங்கன்னு கதவையே பாத்துட்டிருந்தேன். கூப்பிட்டிருந்தா எழுந்து போயிருப்பேன். யாரும் கூப்பிடல."

பீம்ஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வேட்டின் உரிமம் இரண்டு ஆண்டுக்குப் பறிபோனது. வேலையும் போனது. டெல்ஃபின் மேல் இருந்த விசாரணை முடித்துவைக்கப்பட்டது. கூடத்தில் பேசியதற்கு ஒரு கண்டனமும், கூடவே அக்டோபர் ஆணையின்படி தற்காலிக உரிமமும் டிசம்பரில் தபாலில் வந்தன. இரண்டிலும் பீம்ஸின் கையெழுத்து. அன்று அவள் வேட்டைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா சொன்ன? நான் பேரே சொல்லலையே."

"நீ சொல்லிருந்தா நான் மறுத்திருப்பேன்," என்றான் வேட். "அந்தம்மாவோட வீட்டுக்காரரைப் போய்ப் பாத்தேன் டெல்ஃபின். உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாரு. குழந்தை எப்படி இருக்குன்னு கேட்டாரு. வேற ஒண்ணுமே கேக்கல."

மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாளே டாமரக்குக்குக் கிளம்பினாள். லோர்னா ஸ்டாட்லர் சிறை வாசலில் கோப்புகளோடு காத்திருந்தாள். உள்ளே பாதிப் பேருக்கு மேல் நோய் என்றாள். அன்று நீதிபதியிடம் தொலைபேசியிலேயே வாதாடி, டெல்ஃபின் இரண்டு பேரை ஜாமீனில் வெளியே கொண்டுவந்தாள். அவர்கள் மெல்லிய சட்டையோடு பனியில் நின்று, கூட்டிப்போக யாராவது வருகிறார்களா என்று சாலையைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து வழக்கறிஞர்களையும் உள்ளே விட மாட்டோம் என்று, சிறையை நடத்தும் ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. லோர்னா அதைப் படித்துவிட்டு அவளிடம் நீட்டினாள். டெல்ஃபின் முகக்கவசத்தை மாற்றிக்கொண்டு, அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.